தம்பி போட்டோவைச் சரிபண்ணிக் குடுத்த ஸ்டுடியோ: 5-க்கு 4

ராமநாதபுரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்துல இருக்குற சின்ன ஸ்டுடியோ. படி செங்குத்து, முட்டிவலிக்காரங்க யோசிச்சு ஏறுங்க.

நான் கொண்டுபோனது என் தம்பியோட ஒரே போட்டோ. மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல சேர்ந்து வெலிங்டன்ல டிரெயினிங் முடிச்சப்ப எடுத்த கருப்பு வெள்ளை. எங்க வீடு தேவிபட்டினம் கடலோரம். உப்புக்காத்துல ஃப்ரேம் ஆணி துருப்பிடிச்சு, சட்டத்தைக் கரையான் அரிச்சு, போட்டோ கண்ணாடியோட ஒட்டிப்போச்சு. வேற ஒரு கடையில "பிச்சு எடுத்துரலாம்க்கா"ன்னு நகத்தை வச்சான். வெடுக்குன்னு பிடுங்கிட்டு வந்துட்டேன். இவரு கண்ணாடியைப் பிரிக்கவே இல்ல. ரெண்டு பக்கமும் விளக்கு வச்சு, கண்ணாடியோட சேர்த்தே படம் எடுத்துக்கிட்டாரு. அதுக்கே மூணு ஸ்டார்.

கம்ப்யூட்டர்ல வேலை பாக்குற பையன், "கார்கிலாம்மா?"ன்னான்.

"இல்லப்பா, யாழ்ப்பாணம். 1987 அக்டோபர்."

"நம்ம ஆளுங்க அங்க போயி சண்டை போட்டாங்களா?"

இந்திய ராணுவத்தை இலங்கைக்கு அனுப்புனப்ப அமைதிப்படைன்னு பேரு, புலிகளோட சண்டையாகிப்போச்சு, திரும்பாதவங்க 1,000 பேருக்கு மேலன்னு சொன்னேன். தம்பிக்கு 21 வயசு. காஷ்மீர்ப் பக்கம் போடுவாங்கன்னு பயந்துகிட்டு இருந்தோம். நாங்க வாசல்ல நின்னு பாக்குற கடலுக்கு அந்தப் பக்கம் செத்தான். 1990 மார்ச்சுல படை மெட்ராஸ் துறைமுகத்துல வந்து இறங்குனப்ப, தமிழங்களைக் கொன்ன படைன்னு முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகல. எங்க ஊர்லயும் துக்கம் கேக்க வராதவங்க உண்டு. ஆத்தா மண்டபம் அகதிகள் கேம்புல கருவாடு வித்துச்சு. வாங்குனவங்கள்ல யாழ்ப்பாணத்து ஆளுங்களும் இருந்தாங்க. மகன் எங்கன்னு அவங்க கேக்கல, ஆத்தாவும் சொல்லல.

ஒரு ஸ்டார் குறைச்சது எதுக்குன்னா, முதல் தடவை குடுத்த படத்துல தம்பி மாவு பூசின மாதிரி செவப்பா இருந்தான். விடைச்ச காது ஒட்டிக்கிச்சு. கையில மூணு பட்டை, நெஞ்சுல வரிசையா மெடல். ரெடிமேட் உடுப்புல தலையை மட்டும் ஒட்டியிருக்கான் பையன். "கெத்தா இருக்கட்டுமேம்மா"ங்குறான். அவன் சாதா சிப்பாய்ப்பா, பட்டை வாங்குற வயசே வரலைன்னேன். முதலாளி எந்திரிச்சு வந்து, அவன் பக்கத்துல உக்காந்து, காதைத் திரும்ப விடைக்க வச்சாரு. அடியில "வீரமரணம்"னு அவங்களா போட்டிருந்தாங்க. ஆத்தா சாகுறவரைக்கும் அந்த வார்த்தையைச் சொன்னதில்ல. "மறைவு"ன்னு மாத்தச் சொன்னேன்.

12-க்கு 18 சைஸ், ஃபைபர் ஃப்ரேம், மொத்தம் 1,450 ரூபா. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல அட்டை குடுத்து இடைவெளி விட்டிருக்காரு, இனி ஒட்டாது. நாலு நாள்னு சொல்லி பதினோரு நாளாச்சு. பழசையும் மறக்காம கேட்டு வாங்கிக்கங்க. மாட்டுறதுக்கு அவங்க குடுக்குற இரும்பு ஆணி வேணாம். கடலோர வீடுன்னா எவர்சில்வர் ஸ்குரூ நீங்களே வாங்கிக்கங்க.