தட்டு செய்யச் சக்கரமா, சப்பாத்திக்கட்டையா?

இரண்டு நாள் மண்பாண்டப் பயிலரங்குக்கு வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, "சக்கரத்தில் உட்கார விடுவார்களா?" என்றுதான். வீட்டுக்கு நாலு சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோவது நோக்கம் என்றால் அங்கே சப்பாத்திக்கட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.

சுட்டபின் 22 செ.மீ. வரும் தட்டுக்குச் சக்கரத்தில் ஏறத்தாழ 1.2 கிலோ மண் வேண்டும். அவ்வளவு மண்ணை ஆடாமல் நடுவில் நிறுத்தவே புதியவருக்கு முதல் நாள் போய்விடும். ஆடுகிற மண்ணை விரித்தால் விளிம்பு ஒரு பக்கம் தடிக்கும், மறுபக்கம் மெலியும். வழுக்கட்டும் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ஊறிய மண் விளிம்பைச் சாய்த்ததும் தொய்ந்து விழும். தப்பிப் பிழைத்த தட்டுக்கும் அடிப்பாகத்தில் கண்டம் உண்டு. ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து வெளியே, வெளியிலிருந்து நடுவுக்கு என நாலைந்து முறை அழுத்தி ஓட்ட வேண்டும். தேங்கிய நீரைப் பஞ்சால் ஒற்றியெடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் காயும்போது பாம்புபோல் நெளிந்த விரிசல் விழும்.

சக்கரத்தில் கிண்ணமும் குவளையும் வேறு கதை. 400 கிராம் மண் கைக்குள் அடங்கும். சுவர் மெல்லியதாக, ஒரே சீராக எழும்பும். சப்பாத்திக்கட்டையால் தேய்த்த மண்தகட்டைச் சுருட்டிக் குவளை செய்தால் ஒட்டு ஒன்று இருந்தே தீரும். இரு முனைகளையும் கீறி, மண்கூழ் தடவி அழுத்தாவிட்டால் அது சூளையில் வாயைத் திறக்கும்.

தட்டுக்கு மண்தகடுதான் நம் சிபாரிசு. துணி விரித்து, இருபுறமும் 6 மி.மீ. கனமுள்ள ரீப்பர் (மரச்சட்டம்) வைத்து, நடுவில் மண்ணைத் தேயுங்கள். கட்டை ரீப்பர்மேல் உருளும்வரை தேய்த்தால் கனம் தானாகவே சமமாகிவிடும். ஒரே திசையில் தேய்க்காமல் அடிக்கடி திருப்பி, புரட்டிப் போட வேண்டும். தகட்டை ஓரம் பிடித்துத் தூக்குவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. மண்ணுக்கு ஞாபகசக்தி உண்டு: அப்போது வளைந்த மூலை, தட்டையாக்கிய பிறகும் சூளையில் மறுபடி எழும். துணியோடு தூக்கி அச்சின்மேல் கவிழ்த்துங்கள். மண் சுருங்கி அச்சை இறுக்கினால் வெடிக்கும் என்பதால், தோல் பதம், அதாவது வடிவம் குலையாமல் நிற்கும் அளவுக்குப் பாதி காய்ந்த நிலை, வந்ததும் எடுத்துவிட வேண்டும். 12 சதவீதம் சுருங்கும் மண்ணில் 22 செ.மீ. தட்டு வர 25 செ.மீ. வட்டம் வெட்ட வேண்டும். விளிம்பு முந்திக் காய்ந்தாலும் தட்டு கோணும். நடுப்பகுதியைத் திறந்துவிட்டு விளிம்பை மட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி நிதானமாகக் காயவையுங்கள்.

எந்த மண் என்பது இதைவிடப் பெரிய கேள்வி. ஊர்ச் சூளையில் வெந்த சுடுமண்ணில் நுண்துளைகள் உண்டு. பானைத் தண்ணீரைக் குளிர வைக்கும் அதே குணம், தட்டில் எண்ணெயையும் குழம்பையும் உறிஞ்சும். நாளடைவில் வாடை தங்கும். தினசரிச் சாப்பாட்டுக்கு 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேகும் ஸ்டோன்வேர்தான் ஏற்றது. அதில் மண் இறுகி, நீர் உறிஞ்சுவது பெயரளவுக்கே இருக்கும். மண்பாண்டக் கலைஞர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு, அந்த வட்டாரத்தில் ஸ்டோன்வேர் வேரூன்றிவிட்டது. வீட்டுப் பக்கத்துச் செம்மண்ணைக் கொண்டுபோய் அந்தச் சூட்டில் வைத்துவிடாதீர்கள். உருகிச் சூளைக்குள் இருக்கும் அடுக்குப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும்.

சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சைக் கண்ணால் பார்த்து மட்டும் நம்ப வேண்டாம். ஈயமும் காட்மியமும் இல்லாத பூச்சா என்று கேளுங்கள். தாமிரம் மிகுந்த பச்சைப் பூச்சு சரியாக உருகாமல் போனால் ரசமும் ஊறுகாயும் அதைக் கரைக்கும். ஒரு எலுமிச்சைத் துண்டைத் தட்டில் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள்: காலையில் அந்த இடம் வெளுத்திருந்தால் தட்டு சுவரில் மாட்ட மட்டும். நிறம் மாறவில்லை என்பதற்காகப் பூச்சு பாதுகாப்பானது என்று முடிவு கட்டவும் முடியாது. அதற்கு ஆய்வகச் சோதனைதான் வழி.

பணம் கட்டுமுன் இன்னொன்று. காய ஒரு வாரமாவது வேண்டும். பிறகு 950 முதல் 1000 டிகிரியில் முதல் சூளை, பூச்சு, இரண்டாம் சூளை. கட்டணத்தில் இரண்டு சூளையும் சேர்ந்ததா, பூச்சு பூச நீங்கள் திரும்ப வர வேண்டுமா என்று விசாரியுங்கள். "அன்றே கையில் தந்துவிடுவோம்" என்றால் அது சுடாமல் காற்றில் காயும் மண். அதில் சாம்பாரை ஊற்ற முடியாது.