மைனருக்கு முன் பிரேக்: எட்டங்குல டிரம்மா, டிஸ்க்கா?

எங்கள் பழைய மொறிஸ் மைனர் கார் 948 சிசி எஞ்சின் கொண்டது. முன் சில்லுகளில் 7 அங்குல டிரம் பிரேக்: சில்லோடு சுழலும் கிண்ணம்தான் டிரம், மிதித்தால் சூ என்ற வளைந்த கட்டைகள் அதன் உட்புறத்தில் அழுத்திப் பிடிக்கும். மட்டக்களப்புப் பக்கம் கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி என்று சமதரையில் ஓடும்வரை அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கண்டியிலிருந்து மகியங்கனை வழியாகத் திரும்பிய அன்றுதான் விளங்கியது. பதினெட்டு வளைவு என்ற மலைப்பாதையில் பாதி இறங்குமுன்னமே சூ கருகும் மணம் காருக்குள் வந்துவிட்டது. பெடல் கல்லாக இறுகி நிற்கிறது, வண்டியோ வேகம் குறையவில்லை. கியரை இறக்கி, ஓரங்கட்டி, டிரம் ஆறும்வரை பிள்ளைகளோடு மரநிழலில் இருந்தோம்.

இருக்கிற டிரம்மை லேத்தில் கடைந்து புதுச் சூ போடுவது மலிவான வழி. மட்டக்களப்பைச் சுற்றி மட்டும் ஓடுகிறவருக்கு அது போதும். எனக்குப் போதாது.

அடுத்தது 8 அங்குலம். 1962-இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது மைனரின் முன் டிரம்மைத் தொழிற்சாலையே 8 அங்குலமாக்கியது. ஆகவே பேக் பிளேட் (சூவைத் தாங்கும் தகடு), சூ, வீல் சிலிண்டர் (சூவைத் தள்ளுவது), டிரம் எல்லாவற்றையும் அந்த வண்டியிலிருந்து கழற்றி எங்கள் ஸ்டப் ஆக்சிலிலேயே (சில்லைத் தாங்கும் அச்சு) ஏற்றலாம். வெட்டு ஒட்டு வேலை இல்லை. முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர், இரண்டு சூவும் முன்னோக்கிப் பிடிப்பவை. சில்லு சுழல்கிற வேகமே சூவை டிரம்மோடு இழுத்து அணைப்பதால், மிதிக்கு வலுக்கூட்டும் சேர்வோ இல்லாமலே கால் நோகாது. பின்னுக்கு உருளும்போது மட்டும் பிடி குறையும்.

டிஸ்க் என்பது சில்லோடு சுழலும் தட்டு; கலிப்பர் என்ற கவ்வி இரு பக்கமும் பேட்டை அழுத்தி அதைப் பிடிக்கும். அதற்கு மொறிஸ் மரீனா காரின் பாகங்களைத்தான் பலர் சொல்வார்கள். 1971-இல் வந்த அந்தக் காரின் முன் சஸ்பென்ஷன் மைனரின் வழி வந்தது என்பதால் பொருந்தும். சூட்டைத் தாங்குவதில் டிஸ்க்கை டிரம் எட்டவே முடியாது. மார்கழி வெள்ளத்தில் றோட்டுத் தண்ணீரைக் கடந்த பிறகு டிரம் நனைந்து ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்க் இரண்டு சுற்றில் தண்ணீரை உதறிவிடும். ஆனால் தன்னாலே இழுத்து அணைக்கும் குணம் அதற்கில்லை, ஆகவே பெடல் கனக்கும், சேர்வோவும் கேட்கும். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள், குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் தக்கவைக்க டிரம்முக்காக ஒரு வால்வு இருக்கிறது. அதை அப்படியே விட்டால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். அப்புறம் நம் கடற்காற்று. இரண்டு கிழமை ஓடாமல் நின்ற வண்டியில் டிஸ்க் செம்மண் நிறமாகிவிடும், கலிப்பர் பிஸ்டனும் இறுகப் பார்க்கும்.

இரண்டுக்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தபோது கராஜ்கார அண்ணன் சாரதி பக்கத்து விரிப்பைத் தூக்கிக் காட்டினார். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் அங்கே தரைக்குக் கீழேதான் இருக்கிறது. மூடியைச் சுற்றி ஈரமண். உள்ளே விரல் விட்டு எடுத்த பிரேக் ஒயில் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

"இதைப் பாக்காம டிஸ்க் போட்டு என்ன செய்யிற மனே? ஒரு பைப் வெடிச்சா நாலு சில்லுக்கும் பிரேக் இல்ல."

உண்மைதான். முன்னும் பின்னும் ஒரே குழாய் வழி. அதனால் டிஸ்க்குக்கென்று சேர்த்த காசில் முன்னுக்கும் பின்னுக்கும் தனி வழி விடும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும், புதுக் குழாய்களும், 8 அங்குல டிரம்மும் போட்டேன். பழைய சூத் தூளில் அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம் என்பதால் காற்றடிக்க விடாமல் ஈரத்துணியால் துடைத்தோம்.

பிறகு அதே பதினெட்டு வளைவை இரண்டாம் கியரில் இறங்கினேன். மணம் வரவில்லை. பெரிய எஞ்சின் மாற்றியவரும், மாதத்துக்கு இரண்டு முறை மலைநாடு போகிறவரும் டிஸ்க்கையே போடட்டும், அந்தச் செலவு அவர்களுக்குத் தகும். எனக்கு இப்போது உள்ள வேலை, ஐப்பசி மழைக்கு முன் டொட் 4 தரப் பிரேக் ஒயிலை முழுதாக மாற்றுவது. அது ஈரத்தை உறிஞ்சும். புதிதாக 230 பாகை செல்சியஸில் கொதிக்கவேண்டியது, ஈரம் ஏறினால் 155-க்கே இறங்கிவிடலாம்.