மெர்சர் அருங்காட்சியகம், டாய்லஸ்டவுன்: கருவிகளுக்குக் கட்டிய கோட்டை

என் அப்பா தச்சர். அவர் காலமான பிறகு, அவருடைய கருவி மூட்டையைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போனார். உளி, வாய்ச்சி, கொட்டாப்புளி, நாலைந்து இழைப்புளி. வேண்டாம் என்று சொல்ல அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மகளைப் பார்க்க அமெரிக்கா வந்த இடத்தில் மெர்சர் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்ததிலிருந்து அந்த மூட்டை ஞாபகமாகவே இருக்கிறது.

பிலடெல்ஃபியாவில் டாய்லஸ்டவுன் போகும் செப்டா புறநகர் ரயிலில் ஏறினால் அதுதான் கடைசி நிறுத்தம். அங்கிருந்து நடந்தே போய்விடலாம். தூரத்திலிருந்து பார்க்க ஏதோ கோட்டை மாதிரி நிற்கிறது. சுவர், கூரை, சன்னல் சட்டம் வரை எல்லாம் காங்கிரீட்.

இதை நடத்துவது பக்ஸ் கவுண்டி வரலாற்றுச் சங்கம். 1880இல் ஜெனரல் டேவிஸ் என்ற பெரியவர் முன்னின்று தொடங்கியது. தொடங்கியவர்களில் 24 வயது ஹென்றி மெர்சரும் ஒருவர். சட்டம் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளை. பிறகு தொல்லியலுக்குப் போய், மண்ணைத் தோண்டிக் கற்காலக் கருவிகளைத் தேடிக்கொண்டிருந்தார். 1897இல் அடுப்படி இடுக்கி ஒன்று வாங்க, ஏலத்தில் பழைய சாமான் எடுக்கும் ஒருவரிடம் போயிருக்கிறார். அங்கே நூற்கும் ராட்டை, உப்புப் பெட்டி, வைக்கோலில் பின்னிய தேன்கூடு எல்லாம் குவியலாகக் கிடந்தன. தாத்தா காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தவை. இயந்திரம் வந்ததும் ஒரே தலைமுறையில் குப்பையாகிவிட்டன. மண்ணுக்குள் போகும் முன்பே இவற்றைச் சேர்த்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தார். எனக்கு இந்த மனிதர் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

சங்கத்துக்கு 1907இல் ஒரு செங்கல் கட்டடம் கிடைத்தது. சேர்ந்த பொருள்களுக்கு அது போதவில்லை. சரி, நானே கட்டித் தருகிறேன் என்று 1913இல் ஆரம்பித்து 1916இல் முடித்தார் மெர்சர். காங்கிரீட் ஏன் என்றால், தீ பயம். 1872இல் பாஸ்டன் நகரம் எரிந்தபோது அவருடைய அம்மாவின் சகோதரி சேர்த்து வைத்திருந்த பழைய போர்க் கவசங்கள் அழிந்துபோயின. அந்த வலி அவருக்குள் இருந்திருக்கிறது.

உள்ளே நுழைந்து நடுக்கூடத்தில் அண்ணாந்து பார்த்தேன். திமிங்கில வேட்டைப் படகு, கானஸ்டோகா பாரவண்டி, தீயணைப்பு வண்டி, தொட்டில்கள், நாற்காலிகள் எல்லாம் தலைக்கு மேல் தொங்குகின்றன. சுற்றிலும் மாடி மாடியாகச் சின்னச் சின்ன அறைகள்; ஒவ்வொன்றும் ஒரு தொழில். தொப்பி செய்பவர், சீப்பு செய்பவர், தகர வேலை, கடிகார வேலை என்று போய்க்கொண்டே இருக்கிறது. ராஜா வாளும் கிரீடமும் தேடினால் கிடைக்காது. உழைத்தவன் கைப்பொருள்தான் இங்கே பெரிய பொருள்.

மரவேலைப் பகுதியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். அதில் ஒரு இழைப்புளி. பின்பக்கம், உள்ளங்கை அழுத்தும் இடத்தில், கட்டை மினுமினுவென்று தேய்ந்து லேசாகக் குழிந்திருந்தது. எத்தனை வருடம் தள்ளியிருந்தால் மரம் அப்படிக் குழியும்! அப்பாவுடையதிலும் அதே இடத்தில் அதே குழி இருந்தது. அதில் என் கட்டை விரலை வைத்து விளையாடியிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பழைய கட்டடத்தில் சூடேற்றும் வசதி கிடையாது, குளிர்காலத்தில் நல்ல கோட்டு வேண்டும். படிக்கட்டு நிறைய, முட்டிவலிக்காரர்கள் நின்று நின்று ஏறுங்கள். அப்புறம், ஒரு மைல் தூரத்தில் மெர்சர் வாழ்ந்த ஃபாண்ட்ஹில் வீடு இருக்கிறது. 44 அறை, அதுவும் காங்கிரீட். காங்கிரீட் ஈரமாக இருந்தபோது அவருடைய நாய் ரோலோ ஏறிய கால் தடம் படியில் அப்படியே இருக்கிறது. அங்கே வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் அருங்காட்சியகத்துக்கு மட்டும் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

கிளம்பும் முன் பேத்தியை மறுபடி அந்த இழைப்புளியிடம் கூட்டிப்போனேன். "இதை வைத்து என்ன தாத்தா செய்வாங்க?" என்றாள். காற்றில் இரண்டு கையையும் நீட்டி, அப்பா தள்ளுவது போலவே தள்ளிக் காட்டினேன்.