நாயின் செல்லைச் சேமித்து வைக்கும் சேவை: பெங்களூரில் எங்கள் அனுபவம்

அல்சூரில் இருக்கிறோம். பதினான்கு வருடம் எங்களோடு இருந்த சின்னி போன ஆகஸ்டில் போய்விட்டாள். அவளுக்கு வயதாகிறது என்று தெரிந்ததுமே, தோலில் கொஞ்சம் எடுத்து, செல்களை வளர்த்து உறைய வைக்கும் ஒரு சேவையில் பணம் கட்டியிருந்தோம், பின்னால் வேண்டுமானால் குளோன் செய்துகொள்ளலாம், அதாவது அதே மரபணுக்களோடு இன்னொரு குட்டியை உருவாக்கலாம் என்றார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தோல் எடுக்க வீட்டுக்கு வந்த கால்நடை மருத்துவர் தங்கமானவர். வயிற்றில் கொஞ்சம் முடியை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, மிளகு அளவுக்குத் தோலை எடுத்து ரோஸ் நிறத் திரவம் இருந்த குழாயில் போட்டார். ஒரே தையல். சின்னி அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள், ஒரு தடவைகூட முனகவில்லை. செல்கள் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், வருடக்கணக்கில் கெடாமல் இருக்குமாம். சரி, இதுவரை குறையில்லை.

அவள் இறந்த மூன்றாம் நாள் நிறுவனத்திலிருந்து போன் வந்தது. "ஆரம்பிச்சிடலாமா மேடம்? உங்க சின்னியே திரும்ப வருவா." ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா அழுதுவிட்டார்.

சின்னி வரமாட்டாள். அவளுடைய செல்லில் மரபணுக்கள் இருக்கும் பகுதியான உட்கருவை, உட்கரு நீக்கிய வேறொரு நாயின் முட்டைக்குள் வைத்து, அதை மூன்றாவது ஒரு நாயின் வயிற்றில் வளர்ப்பார்கள், பிறப்பது காலம் தள்ளிப் பிறந்த அவளுடைய இரட்டைக் குட்டி, அவ்வளவுதான். அதுவும் பார்க்க அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. 2001-ல் டெக்சாஸில் பிறந்த முதல் குளோன் பூனைக்கு, செல் கொடுத்த மூவண்ணப் பூனையின் ஆரஞ்சு நிறமே வரவில்லை. சின்னியின் வலது கண்ணைச் சுற்றி இருந்த பழுப்புத் திட்டு அதே இடத்தில் வரும் என்று யாரால் சொல்ல முடியும்? குட்டியாக இருந்தபோது ஸ்கூட்டர் ஏறியதால் வந்த நொண்டல், ஹாரன் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடுவது, இதெல்லாம் செல்லில் இல்லை.

"இதுக்கு எத்தனை நாய்களுக்கு ஆபரேஷன் பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் வெளிநாட்டு லேப் பார்த்துக்கும் மேடம்" என்றார்கள். 2005-ல் தென் கொரியாவில் முதல் குளோன் நாய் ஸ்னப்பி பிறக்க, 1,095 கருக்களை 123 நாய்களுக்குள் வைத்தார்கள், பிறந்தது இரண்டு, அதில் ஒன்று மூன்று வாரத்தில் நிமோனியாவில் செத்தது. இப்போது அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் ஒரு குட்டிக்காகப் பல நாய்கள் கத்திக்குப் படுக்கத்தான் வேண்டும். நம் தெருவில் சோற்றுக்கு அலையும் நாயைவிட அவை எந்த விதத்தில் மட்டம்?

நான் அறிவியலுக்கு எதிரி இல்லை. கர்னாலில் தேசிய பால் ஆராய்ச்சி நிறுவனம் 2009-லேயே எருமையைக் குளோன் செய்தது, முதல் கன்று சில நாளில் இறந்தும் விடாமல் அதே வருடம் கரிமா என்ற இன்னொரு கன்றை உருவாக்கினார்கள். நல்ல கறவை இனத்தைப் பெருக்க என்று அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

கடைசியாக, போனில் பேசிய அந்த ஆள் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "நாளைக்கு மனுஷங்களுக்கும் வந்துடும் மேடம், அப்பாவோட செல்லையும் வெச்சிருந்திருக்கலாம்." எங்கள் அப்பா இறந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மனிதக் குளோன் குழந்தை பிறந்ததாக இன்றுவரை ஒரு நிரூபணமும் கிடையாது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) விதிகளில் அதற்குத் தடையே இருக்கிறது. ஸ்னப்பியை உருவாக்கிய அதே ஹ்வாங் வூ சுக், மனிதக் கருவைக் குளோன் செய்ததாக வெளியிட்ட ஆய்வு மோசடி என்று அம்பலமானது. இதெல்லாம் போகட்டும், செத்துப்போனவருடைய இடத்தை நிரப்ப என்று பிறக்கும் ஒரு குழந்தை, நம் முகத்தைப் பார்த்து எப்படி வளரும்?

வேண்டாம் என்று சொல்லி, செல்களை அழிக்கச் சொல்லி மூன்று மெயில் போட்டேன், பதில் இல்லை, அடுத்த வருட வாடகைக்கு பில் மட்டும் வந்திருக்கிறது. 5-க்கு 2 கொடுக்கிறேன், இரண்டும் அந்த டாக்டருக்கு. சேர்வதாக இருந்தால், அழிக்கச் சொன்னால் எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.