பக்கத்து ஊருக்கு மூன்று வழி: பைபாஸா, மெயின் ரோடா, உள்தெருவா?

ஒட்டினாற்போல் இரண்டு புறநகர் ஊர்கள். ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இதற்குப் போய் திட்டமா என்று தோன்றும். ஆனால் ஆறு மணி நேரப் பயணத்தில் பத்து நிமிடம் பிசகினால் யாரும் கவனிக்கப்போவதில்லை. இருபது நிமிடப் பயணத்தில் அதே பத்து நிமிடம் பிசகினால் பாதிக்குப் பாதி. விட்ட நேரத்தைப் பிடிக்க மீதித் தூரமும் இருக்காது.

இப்படிப்பட்ட இரட்டை ஊர்களுக்கு நடுவே பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும். ஊரைச் சுற்றிப் போகும் பைபாஸ். இரண்டு ஊரின் கடைவீதிகளையும் கோத்துக்கொண்டு போகும் பழைய மெயின் ரோடு. அப்புறம், அங்கேயே குடியிருப்பவர்கள் மட்டும் அறிந்திருந்து, இப்போது கைபேசி வரைபடத்தின் புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட உள்தெருக்கள். ஒவ்வொன்றுக்கும் விசுவாசிகள் உண்டு. "பைபாஸில் போனால் பறந்துவிடலாம்" என்பார் ஒருவர். "தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவானேன்?" என்பார் இன்னொருவர். இருவரும் சொல்வது சரிதான், வேறு வேறு நேரத்தில்.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மெயின் ரோடு 12 கி.மீ. பைபாஸ் வழி மொத்தம் 17 கி.மீ.: வீட்டிலிருந்து பைபாஸில் ஏற 2, பைபாஸில் 13, இறங்கிப் போய்ச்சேர 2. உள்தெரு வழி பத்தரை.

பைபாஸ்: நடுவில் பறக்கலாம், இரண்டு முனையிலும் ஊர வேண்டும்

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 13 கி.மீ. கடக்க பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் முனைகளில் இருக்கும் அந்த 4 கி.மீ.யை 25 கி.மீ. வேகத்தில் கடக்க 9.6 நிமிடம். மொத்தம் பத்தொன்பதரை நிமிடம் என்றால் அதில் ஏறக்குறைய பாதி, பைபாஸுக்கு வெளியே செலவாகிறது. பைபாஸ் விசுவாசிகள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அவர்களுடைய நினைவில் நிற்பது அந்தப் பத்து நிமிடம்தான்.

சரி, பைபாஸில் இன்னும் கொஞ்சம் அழுத்தினால்? 80க்குப் பதில் 100இல் போனால் அந்த 13 கி.மீ.க்கு 7.8 நிமிடம். மிச்சம் இரண்டு நிமிடம். இறங்கியதும் வரும் முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தால் அந்த இரண்டு நிமிடமும் அங்கேயே கரைந்துவிடும். போதாததற்கு, காற்று வண்டியின் வேகத்தின் இருமடியில் எதிர்ப்பதால், 80இலிருந்து 100க்குப் போகும்போது எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலே ஏறுகிறது. குறுகிய தூரத்தில் வேகத்தைக் கூட்டி நேரம் சம்பாதிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். நேரம் தொலைவது முனைகளில். சம்பாதிப்பதானால் அங்கேதான் சம்பாதிக்க வேண்டும்.

அதனால் பைபாஸை மதிப்பிட நான் பார்ப்பது பைபாஸை அல்ல. என் வீட்டிலிருந்து ஏறும் இடம் வரையும், இறங்கும் இடத்திலிருந்து போய்ச்சேரும் வாசல் வரையும் எப்படி இருக்கிறது என்பதையே பார்ப்பேன். அந்த 4 கி.மீ. நெரிசலாகி வேகம் 15க்கு விழுந்துவிட்டால் முனைகளுக்கு மட்டும் 16 நிமிடம்; மொத்தம் 26. பைபாஸ் காலியாகக் கிடந்தாலும் மெயின் ரோட்டில் வந்தவர் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பார்.

இன்னொரு சங்கடம், மாட்டிக்கொண்டால் தப்ப வழியில்லை. நடுவில் ஒரு லாரி குறுக்கே நின்றால் அடுத்த இறங்குவழி வரும்வரை நிற்க வேண்டியதுதான். விபத்து எதுவும் இல்லாமலேயே நெரிசல் பிறக்கும் என்பது வேறு வேடிக்கை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். தடை கிடையாது, சிக்னல் கிடையாது. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் அதிகமாகக் குறைக்க, கடைசியில் சிலர் நின்றே விட்டார்கள். அந்த நிற்கும் கூட்டம் வட்டத்தில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. 2008இல் வெளியான ஆய்வு இது. "எதற்காக நின்றோம், இங்கே ஒன்றுமே இல்லையே" என்று பைபாஸில் நாம் புலம்புவதற்கு விடை அங்கே இருக்கிறது.

மெயின் ரோடு: அலுப்பானது, நம்பலாம்

மெயின் ரோட்டில் ஓடும்போது 45 கி.மீ. வேகம் கிடைத்தால் 12 கி.மீ.க்கு 16 நிமிடம். பத்து சிக்னலில் சராசரியாக 48 வினாடி நின்றால் இன்னும் 8 நிமிடம். ஆக 24. மூன்றில் ஒரு பங்கு நேரம் சும்மா நிற்பதிலேயே போகிறது. எரிச்சல் வருவது நியாயம்.

ஆனால் இந்த 24 பெரிதாக மாறுவதில்லை. நல்ல நாளில் 21, மோசமான நாளில் 30 என்று ஒரு கட்டுக்குள் நிற்கும். ஓரிடத்தில் அடைத்துக்கொண்டால் பக்கத்துத் தெருவில் வண்டியைத் திருப்பிவிடலாம். பைபாஸோ பத்தொன்பதில் ஆரம்பித்து, கெட்ட நாளில் ஐம்பதுக்கும் தாவும். போக்குவரத்துத் திட்டமிடுபவர்கள் இதை அளக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சராசரி நேரத்தைக் கேட்பதில்லை. இருபது முறை போனால் பத்தொன்பது முறையாவது நேரத்துக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ரயிலைப் பிடிக்கவோ மருத்துவரைப் பார்க்கவோ போகிறவருக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். சும்மா நண்பர் வீட்டுக்குப் போகிறவருக்குச் சராசரி போதும். ஆக, வழியைத் தேர்ந்தெடுக்கும் முன்பு "தாமதமானால் என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஒன்றும் ஆகாது என்றால் பைபாஸ். ரயில் போய்விடும் என்றால் மெயின் ரோடு.

மெயின் ரோட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. சிக்னல்களை ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கும் சாலையாக இருந்தால், குறிப்பிட்ட வேகத்தில் போகிறவருக்கு வரிசையாகப் பச்சை விழும். அதைவிட வேகமாகப் போனால் ஒவ்வொரு சிவப்பையும் முதல் ஆளாகப் போய் வரவேற்கலாம். ஒவ்வொரு சிக்னலிலும் சீறிப் புறப்பட்டு அடுத்த சிக்னலில் நம் பக்கத்திலேயே வந்து நிற்கும் அந்த வண்டியைப் பார்க்காதவர் யார்?

மெயின் ரோட்டில் சிக்னலைத் தவிர நேரத்தைத் தின்பது, எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டித் திரும்பும் இடங்கள்தான். அந்த ஒரு திருப்பத்துக்காக மூன்று நிமிடம் இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு நிற்போம். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவில், யூபிஎஸ் என்ற பார்சல் நிறுவனம் தன் விநியோக வண்டிகளை முடிந்தவரை இடப்பக்கம் திரும்ப விடாமல் வழி வகுக்கிறது. தூரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்பது அவர்கள் கணக்கு. நாமும் அதைச் செய்யலாம். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலப்பக்கத் திருப்பங்களை எண்ணிப் பாருங்கள். அவை குறைவாக உள்ள வழி வரைபடத்தில் நீளமாகத் தெரிந்தாலும் கையில் லேசாக இருக்கும்.

உள்தெரு: சொல்ல அதிகம் இல்லை

பத்தரை கி.மீ.யை 25 கி.மீ. வேகத்தில் போனால் 25 நிமிடம். அதாவது தூரம் குறைவு, நேரம் அதிகம். வேகத்தடைகள், நிறுத்தி வைத்த வண்டிகள், பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவரும் குழந்தை. ஓட்டுபவருக்கு ஒரு நிமிடமும் கண்ணை எடுக்க முடியாது. தெருவுக்குள் அவசரப்பட்டு 30க்குப் பதில் 50இல் போனால் வண்டியின் இயக்க ஆற்றல் 2.8 மடங்கு. மோதினால் அத்தனையும் எதிரில் இருப்பவர் மேல் இறங்கும்.

வரைபடச் செயலி ஒரு நிமிடம் மிச்சம் என்று சொல்லி ஒன்பது திருப்பங்களுள்ள வழியை நீட்டினால் நான் எடுப்பதில்லை. ஒரு திருப்பம் தவறினாலே அந்த ஒரு நிமிடம் போய்விட்டது. எல்லாருக்கும் அதே யோசனையைச் செயலி சொல்லும்போது அந்தக் குறுக்குவழியும் நிரம்பிவிடுகிறது. ஒரு புதிய இணைப்புச் சாலை எல்லாருடைய பயணத்தையும் நீட்டிவிடக்கூடும் என்று ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிச் ப்ரேஸ் 1968லேயே காகிதத்தில் நிறுவினார். குறுக்குவழி ஒவ்வொருவருக்கும் லாபமாகத் தெரிகிறது. எல்லாரும் எடுக்கும்போது எல்லாருக்கும் நஷ்டம். நியூ ஜெர்சியில் லியோனியா என்ற சின்ன ஊர், செயலியைப் பார்த்துப் புகுந்த வண்டிகளைத் தாங்க முடியாமல் 2018இல் நெரிசல் நேரங்களில் தன் தெருக்களுக்குள் வெளியாட்கள் நுழையத் தடையே போட்டது. விஷயம் நீதிமன்றம் வரை போனது.

மெயின் ரோடு அடைத்துக்கொண்டால் தப்பிக்க உள்தெரு உதவும். அதற்கு மேல் அதற்கு மதிப்பெண் கொடுக்க மனமில்லை.

எரிபொருள்: எல்லாரும் தவறாகப் போடும் கணக்கு

"பைபாஸில் மைலேஜ் நன்றாகக் கிடைக்கும்" என்பது உண்மை. ஆனால் டாங்கியிலிருந்து குறைவது மைலேஜ் அல்ல, லிட்டர். ஒரு பெட்ரோல் கார் மெயின் ரோட்டில் லிட்டருக்கு 13 கி.மீ. தருகிறது என்று வைப்போம். 12 கி.மீ.க்கு 0.92 லிட்டர். அதே கார் பைபாஸில் 20, முனைகளில் 12 தருகிறது என்றால், 13 கி.மீ.க்கு 0.65, 4 கி.மீ.க்கு 0.33, கூட்டினால் 0.98. மைலேஜ் கூடியும் செலவு குறையவில்லை. கூடுதலாக ஓடிய 5 கி.மீ. அதை விழுங்கிவிட்டது. இந்தத் தூரத்தில் எரிபொருளைக் காரணம் காட்டி வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், சுங்கச்சாவடி இருந்தால் ஒழிய.

மின்சாரக் காருக்குக் கணக்கே தலைகீழ். பிரேக் பிடிக்கும்போது ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது, சிக்னலில் நிற்கும்போது மோட்டார் எதையும் தின்பதில்லை. வேகம் கூடும்போதுதான் காற்றோடு மல்லுக்கட்டி பேட்டரி கரைகிறது. தூரமும் குறைவு, வேகமும் குறைவு என்பதால் மெயின் ரோடு இரண்டு வகையிலும் ஜெயிக்கிறது.

பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு வேறொரு விஷயம் உண்டு. குளிர்ந்த எஞ்சின் சூடாகும்வரை அதிகம் குடிக்கும், புகையும் அதிகம். பத்துக் கிலோமீட்டர் பயணத்தில் கணிசமான பகுதி இப்படித்தான் கழிகிறது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று பக்கத்து ஊருக்குப் போவதைவிட இரண்டு வேலையையும் ஒரே நடையில் முடிப்பது, வழி தேடுவதைவிட அதிகம் மிச்சம் பிடிக்கும்.

வழியா, நேரமா?

உண்மையில் போட்டி மூன்று வழிகளுக்கு இடையே மட்டும் அல்ல. இப்போதே கிளம்புவதா, அரை மணி கழித்தா என்பதும் ஒரு தேர்வு. பல நாட்களில் அதுதான் பெரிய தேர்வு. அமெரிக்கப் பொதுச்சாலைத் துறை 1964இல் கொடுத்த ஒரு சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சாலை தன் கொள்ளளவில் பாதி நிரம்பியிருந்தால் பயண நேரம் ஒரு சதவீதம்கூடக் கூடாது. முழுக்க நிரம்பினால் 15 சதவீதம். கொள்ளளவைப் போல் ஒன்றரை மடங்கு வண்டிகள் வந்தால் 76 சதவீதம். அதாவது கடைசியாக வந்து சேரும் வண்டிகள்தான் எல்லாரையும் நிறுத்துகின்றன. நெரிசல் நேரத்தின் நடுவில் எந்த வழியில் போனாலும் வித்தியாசம் சில நிமிடம்தான். அதன் விளிம்பிலிருந்து இருபது நிமிடம் தள்ளிக் கிளம்பினால் மூன்று வழியும் நல்ல வழி.

வரைபடச் செயலி இதற்கு உதவும். கிளம்பும் நேரத்தை மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். முந்தைய நாள் இரவு பார்ப்பதானால், நாளை நீங்கள் கிளம்பும் நேரத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரவு பத்து மணியின் காலிச் சாலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. செயலி சொல்லும் நேரத்தில் வண்டி நிறுத்த இடம் தேடும் நேரம் இருக்காது. அந்த ஊரின் கடைவீதியில் வேலை என்றால் அதற்கே பத்து நிமிடம் போகலாம். பைபாஸில் மிச்சம் பிடித்த நாலரை நிமிடத்தைப் போல் இரண்டு மடங்கு அது. பார்க்கிங் எங்கே என்பதை முடிவுசெய்துவிட்டு, அந்த இடத்துக்குப் போகும் வழியைத் தேடுவதே சரியான வரிசை.

திரும்பி வரும் வழியைத் தனியாகப் பார்க்க வேண்டும். காலையில் ஒரு திசையில் நெரிசல் என்றால் மாலையில் எதிர்த்திசையில் நெரிசல். ஒருவழிப் பாதைகள் வேறு. போகும்போது எளிதாக இருந்த திருப்பம் வரும்போது எதிர்வண்டிகளைக் குறுக்கே வெட்டும் திருப்பமாகிவிடும். நான் நேரத்துக்குப் போக வேண்டிய நாளில் மெயின் ரோட்டில் போய், வேலை முடிந்ததும் பைபாஸில் திரும்புகிறேன். வீட்டில் யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை, மாட்டிக்கொண்டாலும் பாட்டுக் கேட்டுக்கொண்டு வரலாம். கனமழை பெய்த நாளில் மட்டும், சுரங்கப்பாதை இருக்கும் வழி எதுவோ அதை விட்டுவிடுவேன்.