டைம்ஷேர் உயர்தகுதி: நேரடிக் கொள்முதலா, மறுவிற்பனையா?

டைம்ஷேர் (விடுமுறை விடுதிகளில் புள்ளிகளைக் கொடுத்து ஆண்டுதோறும் தங்கும் பங்குரிமை) வைத்திருக்கும் கோலாலம்பூர், பினாங்குவாழ் நம்மவர்கள், உறுப்பினர் தகுதியை உயர்த்திக்கொள்ள நிறுவனத்திடமே கூடுதல் புள்ளிகளை வாங்குவதா, வேறோர் உரிமையாளர் கைவிடும் புள்ளிகளை மறுவிற்பனையில் வாங்குவதா என்று யோசிக்கும்போது, பேச்சு பெரும்பாலும் விலையோடு நின்றுவிடுகிறது. விலையில் மறுவிற்பனையே மேல். பல திட்டங்களில் நிறுவன விலையைவிட மிகக் குறைவாகவே அது கிடைக்கிறது. ஆனால் புள்ளி கைமாறும்போது தகுதியும் கூடவே கைமாறுவதில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

அமெரிக்க டைம்ஷேர் நிறுவனமான கிளப் விண்டம், விஐபி எனப்படும் தன் உயர்தகுதிக்குத் தன்னிடம் நேரடியாக வாங்கிய புள்ளிகளையே கணக்கில் கொள்கிறது. மறுவிற்பனையில் எவ்வளவு சேர்த்தாலும் படி உயராது. டிஸ்னியின் டைம்ஷேர் திட்டமான டிஸ்னி வெக்கேஷன் கிளப் 2016 ஏப்ரலுக்குப் பின் மறுவிற்பனையில் மட்டும் வாங்கியவர்களுக்கு உறுப்பினர் சலுகைகளை நிறுத்தியது. 2019 முதல் மறுவிற்பனைப் புள்ளிகளை ரிவியரா போன்ற புதிய விடுதிகளில் பயன்படுத்தவும் தடை விதித்தது. எனினும் சொந்த விடுதியில் (புள்ளிகள் எந்த விடுதிக்கு உரியவையோ அதில்) 11 மாதங்களுக்கு முன்பும், தடையில்லாத மற்ற விடுதிகளில் 7 மாதங்களுக்கு முன்பும் முன்பதிவு செய்யும் உரிமை இரு சாராருக்கும் ஒன்றே. விடுமுறைக்கு உண்மையில் உதவுவது இந்த உரிமைதான் என்பது என் உறுதியான கருத்து.

உயர்தகுதியின் பயன் நாம் வாழும் இடத்தைப் பொறுத்தது. கடைசி நேர முன்பதிவுக்குப் புள்ளித் தள்ளுபடி, அறை காலியாக இருந்தால் பெரிய அறை ஆகியவை அமெரிக்காவில் காரில் போய் இறங்கும் குடும்பத்துக்கு ஆண்டுதோறும் பயன் தரும். கோலாலம்பூரிலிருந்து ஒர்லாண்டோ செல்லும் நால்வர் கொண்ட குடும்பமோ, விசா நேர்காணலை முடித்து, பள்ளி விடுமுறைக்கு ஏற்ப விமானச் சீட்டுகளைப் பல மாதங்களுக்கு முன்பே எடுத்தாக வேண்டும். புறப்படச் சில வாரங்கள் இருக்கும்போது கிடைக்கும் தள்ளுபடி அவர்களுக்கு எப்படிப் பயன்படும்? விளக்கக் கூட்டத்தில் விற்பனையாளர் மேசைமேல் வரிசையாக வைக்கும் வண்ண அட்டைகளைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது வழியும் உண்டு. டிஸ்னியில், சலுகைக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளிகளை நேரடியாக வாங்கிவிட்டு, எஞ்சியதை மறுவிற்பனையில் சேர்க்கலாம். அந்தக் குறைந்தபட்ச அளவு 2016-க்குப் பிறகு பலமுறை உயர்த்தப்பட்டுள்ளதால், வாங்கும் நாளில் நடப்பிலுள்ள விதியைப் பார்ப்பது அவசியம். பரிமாற்றத்துக்காகவே, அதாவது தம் தங்கும் உரிமையை வேறு திட்டத்தின் விடுதிக்கு மாற்றிக்கொள்ளவே, தகுதி தேடுபவர்கள், ஆர்சிஐ, இன்டர்வல் இன்டர்நேஷனல் என்னும் பரிமாற்ற நிறுவனங்களின் உயர்படி உறுப்பியத்தைக் கட்டணம் செலுத்தியே பெறலாம். அதற்காகப் புள்ளிகளைக் குவிக்க வேண்டியதில்லை.

எவ்வழியில் வாங்கினாலும் பராமரிப்புக் கட்டணம் குறையாது. டாலர் 3.80 ரிங்கிட்டாக நிலைநிறுத்தப்பட்டிருந்த 1998–2005 காலத்தில் 1,000 டாலர் கட்டணம் 3,800 ரிங்கிட். 2024 பிப்ரவரியில் அதே தொகை ஏறத்தாழ 4,800 ரிங்கிட். தகுதிக்காக வாங்கும் ஒவ்வொரு கூடுதல் புள்ளியும் இச்சுமையை ஆண்டுதோறும் கூட்டும் என்பதால், நேரடிக் கொள்முதலை என்னால் பரிந்துரைக்க இயலவில்லை.

மறுவிற்பனையை முடிவு செய்தவர்கள், நிலுவைக் கட்டணம் இல்லை என்னும் கடிதத்தை விற்பவரிடமிருந்து அல்லாமல் நிறுவனத்திடமிருந்தே பெற வேண்டும். உள்ளூர்த் திட்டமானால், 2016-ஆம் ஆண்டின் பங்குரிமைத் திட்டச் சட்டத்தின்கீழ் (Interest Schemes Act) மலேசிய நிறுவன ஆணையத்தில் அது பதிவாகியுள்ளதா என்பதையும், பெயர் மாற்றக் கட்டணத்தையும் முன்கூட்டியே விசாரித்து, உரிமை தம் பெயரில் பதிவாகும்வரை பணத்தை வழக்கறிஞரிடம் விட்டுவைப்பது பாதுகாப்பானது.