ஆன்லைன்ல கடை திறந்து தர்றோம்னு வந்து 35,400 ரூபாயை வாங்கிட்டுப் போனாங்க, உஷாரா இருங்க

கோபத்துலதான் எழுதுறேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. 35,400 ரூபாய் போச்சு. சின்னதா ஒரு தொழில் வெச்சுக்கிட்டு, ஆன்லைன்ல விக்கலாமான்னு யோசிக்கிற எல்லாரும் இதைப் படிங்க. என்ன நடந்துச்சுன்னு மொதல்ல சொல்லிடறேன், எதையெல்லாம் பாத்துக்கணும்ங்கறதைக் கடைசியில விவரமா எழுதறேன்.

எங்களுக்குச் சென்னிமலை. வீட்டை ஒட்டினாப்புல தறி போட்டிருக்கோம். பெட்ஷீட், போர்வை, துண்டு. சரக்கு ஈரோடு கனி மார்க்கெட் வாரச் சந்தைக்கும், மொத்த வியாபாரிங்க சில பேருக்கும் போகும். மொத்த வியாபாரிங்க கிட்ட இருந்து பணம் எப்ப வரும்னு இந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நேரா வாங்குறவங்க கையிலயே குடுத்துட்டா இந்த அலைச்சல் இல்லையேன்னு ரொம்ப நாளா நெனப்பு. அப்பத்தான் மொபைல்ல அந்த விளம்பரம். "உங்கள் பொருளை இந்தியா முழுக்க விற்கலாம், மாதம் 100 ஆர்டர் கேரண்டி." நம்பரைப் போட்டுவிட்ட அரை மணி நேரத்துல ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. மேடம், மேடம்னு அவ்வளவு மரியாதை.

பேர் போட மாட்டேன். பெரிய ஆன்லைன் தளங்கள்ல சின்ன வியாபாரிங்களுக்குக் கணக்கு திறந்து, படம் ஏத்தி, நடத்தித் தர்றோம்னு சொல்ற ஏஜென்சி. இது மாதிரி ஊருக்கு ஊர் இருக்கு. எந்தத் தளத்துல கணக்கு திறந்தாங்கன்னும் சொல்லப்போறதில்ல, எல்லாத் தளத்தோட பேரைச் சொல்லியும்தான் இவங்க காசு வாங்குறாங்க.

போன்ல மட்டும் பேசியிருந்தா ஒரு ரூபா குடுத்திருக்க மாட்டேன். ஆள் வீட்டுக்கே வந்தான். முப்பது வயசு இருக்கும், பைக்குல வந்தான், செருப்பை வாசல்லயே விட்டுட்டு உள்ள வந்தான். "நானும் இந்தப் பக்கந்தானுங்கக்கா, எங்க வீட்லயும் சென்னிமலைப் போர்வைதான் போத்துவோம்"னான். மோர் குடுத்தேன், குடிச்சான். அதுக்கப்புறம் பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பாக்கெட்ல இருந்து டேப்பை எடுத்தான்.

டபுள் பெட்ஷீட் ஒண்ணு, கூட ரெண்டு தலகாணி உறை, நாங்க எப்பவும் மடிக்கிற மாதிரி மடிச்சுக் கவர்ல போட்டு வெச்சிருந்தேன். அளந்தான். நீளம் 40, அகலம் 30, உயரம் 10 சென்டிமீட்டர். "மூணையும் பெருக்கி 5000-ஆல வகுங்கக்கா. 2.4 வருதா? கூரியர்க்காரன் இதை 2.4 கிலோன்னுதான் போடுவான், தராசு எடை, இந்த எடை ரெண்டுல எது கூடவோ அதுக்குத்தான் காசு. தராசுல வெச்சா எவ்வளவு?" வெச்சோம். ஒரு கிலோ நூறு கிராம். பெட்ஷீட்டைப் பிரிச்சுத் திண்ணையில போட்டு அவனே திரும்ப மடிச்சான், முட்டி வெச்சு அமுக்கிக் காத்தை வெளியேத்தி, சின்னக் கவர்ல போட்டான். 32-க்கு 25, உயரம் 6. கணக்குப் போட்டா 0.96. "இப்பப் பாருங்க, தராசு எடைக்கு மட்டும் காசு. ஒரு பார்சலுக்கே எவ்வளவு மிச்சம்!" எச்எஸ்என் நம்பர், அதாவது வரிக்காக ஒவ்வொரு சரக்குக்கும் இருக்கிற குறியீடு, 6302-ன்னு பாக்காமலே சொன்னான். என் வீட்டுக்காரர் எதையும் லேசுல நம்பாத மனுஷன். அவரே "பையனுக்கு வேலை தெரியுது"ன்னார்.

அந்தக் கணக்கு உண்மைதான். இன்னைக்கும் நான் அப்படித்தான் மடிக்கிறேன். உண்மையா ஒரு விஷயத்தைச் சொல்லிக் குடுத்து, அதை வெச்சே மத்த எல்லாத்தையும் நம்ப வெச்சான் பாருங்க, அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது.

பேக்கேஜ் 60,000-ஆம், நம்ம ஊர்க்காரங்கங்கறதால பாதியாம். 30,000. அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 5,400. மொத்தம் 35,400. ஜிஎஸ்டி பதிவு, கணக்கு திறக்கறது, போட்டோ எடுக்கறது, ஆறு மாசம் நடத்தித் தர்றது எல்லாம் இதுலயே சேர்த்தியாம். மகளிர் குழுக் கடன்ல வாங்கி, நூலுக்குன்னு எடுத்து வெச்சிருந்த பணம். அனுப்பினேன்.

ஒப்பந்தம் படிச்சீங்களான்னு கேக்கப் போறவங்களுக்கு: படிச்சேன். மாசம் 100 ஆர்டர்னு அதுலயே போட்டிருந்துச்சு.

அடுத்த ஒரு வாரம் ஒரே ஓடிபி. ஆதாருக்கு வரும், ஜிஎஸ்டிக்கு வரும், பேங்குக்கு வரும். "உங்க நம்பரைக் குடுத்தா நாள் பூரா தொந்தரவு பண்ணுவாங்கக்கா, நாங்களே பிசினஸ் நம்பர் ஒண்ணு, மெயில் ஒண்ணு போட்டுத் தர்றோம்"னான். நமக்கு நல்லது பண்றான்னுதானே நெனைப்போம்? அந்த நம்பரும் மெயிலும் அவங்க ஆபீஸ்ல இருக்கு. பாஸ்வேர்டும் அங்கதான். நம்ம காசுல வீட்டைக் கட்டிட்டு மேஸ்திரி சாவியைத் தர மாட்டேங்கற கதைதான்.

போட்டோ எடுக்க ஆள் வரும் வரும்னு பாத்தேன், கடைசி வரைக்கும் யாரும் வரல. ஆனா ஆர்டர் வர ஆரம்பிச்சிருச்சு! மொத ஆர்டர் வந்தப்ப சாமி படத்துக்கிட்ட வெச்சுக் கும்பிட்டுத்தான் அனுப்பினேன். பத்து நாள் கழிச்சு ரிட்டர்ன் மேல ரிட்டர்ன். என்னடான்னு என் மகன் அவன் மொபைல்ல எங்க கடையைத் தேடிப் பாத்தான். எங்க பேர்ல போட்டிருக்கிற படம் எங்க பெட்ஷீட்டே இல்ல. பளபளன்னு பாலியஸ்டர் துணி, மெத்தை பூரா பெரிய பெரிய ரோஜாப்பூ. நாங்க நெய்யறது கட்டம் போட்ட காட்டன். எங்கிருந்தோ எடுத்த படத்தை ஏத்தி வெச்சிருக்காங்க. வாங்கினவங்க ஹிந்தியில எழுதியிருந்ததை மொழிபெயர்த்துப் பாத்தா, "பூ போட்டதைக் காட்டிக் கட்டம் போட்டதை அனுப்பிய ஏமாத்துக்காரர்கள்." நான் ஏமாத்துக்காரியாம்.

விலையைப் பாத்தா அதுக்கு மேல. மொத்த வியாபாரிக்கே 420 ரூபாய்க்குக் குறையாம குடுக்குற பீஸ், டெலிவரியோட சேத்து 399. கமிஷன், கூரியர் எல்லாம் புடிச்சது போக என் கணக்குக்கு வந்தது 262. ஆர்டர் ஏன் கொட்டுச்சுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. ஒப்பந்தத்துல 100 ஆர்டர்னு எழுதிட்டாங்கல்ல, அதைக் காட்டணும். என் சரக்கைக் கிள்ளுக்கீரை விலைக்குத் தள்ளிவிட்டா ஆர்டர் வராம என்ன பண்ணும்?

திரும்பி வந்த பார்சல் ஒண்ணுல எங்க துணியே இல்ல, கிழிஞ்ச பழைய நைட்டி இருந்துச்சு. பிரிக்கிறப்ப வீடியோ எடுத்து, தளத்துல உள்ள போய் க்ளெய்ம் போட்டா பணம் கிடைக்குமாம். அதுக்கும் உள்ள போகணுமே! லாகின் அவங்க கிட்ட.

இனி போன் கதை. பணம் கட்டுற வரைக்கும் முதல் ரிங்லயே எடுப்பாங்க. அப்புறம் "டிக்கெட் போட்டிருக்கோம் மேடம், டீம் பாத்துட்டிருக்காங்க." அந்த டீம் எங்க இருக்கு, யாரு, எப்பப் பாப்பாங்கன்னு கேட்டா, "48 மணி நேரம் மேடம்." 48 மணி நேரம் கழிச்சுக் கூப்பிட்டா வேற பொண்ணு, மறுபடியும் மொதல்ல இருந்து கதை சொல்லணும், மறுபடியும் 48 மணி நேரம். மோர் குடிச்ச தம்பி "மீட்டிங்ல இருக்கேன்க்கா"ன்னு ஒரு மெசேஜ் போட்டதோட சரி, அப்புறம் நான் போட்ட எதுக்கும் பதில் இல்ல. ஒரு நாள் "உங்க ரிலேஷன்ஷிப் மேனேஜர் மாறிட்டாங்க மேடம்"னு சொன்னாங்க. புதுசா வந்தவன் சொன்னதைக் கேளுங்க: "உங்க புராடக்ட்ல குவாலிட்டி இல்ல மேடம், அதான் ரிட்டர்ன் வருது. பிரீமியம் பேக்குக்கு மாறுங்க, 18,000 தான்." பெட்ஷீட்டைக் கண்ணால பாக்காதவன் சென்னிமலைத் துணிக்குக் குவாலிட்டி இல்லைங்கறான்.

சரி, எங்க கணக்கை எங்க கிட்டயே குடுத்துடுங்க, நாங்களே பாத்துக்கறோம்னு கேட்டேன். கணக்கை மாத்தித் தர 8,000 ரூபாயாம், பிளஸ் ஜிஎஸ்டி. என் பேர், என் பான் கார்டு, என் பேங்க் கணக்கு. அதை எனக்கே தர 8,000!

தளத்துக்காரங்களுக்கு எழுதினேன். "பதிவு செய்த மெயில் முகவரியிலிருந்து மட்டுமே புகார் அனுப்பவும்"னு பதில். பதிவு பண்ணின மெயில் யாருதுன்னு மேல சொல்லிட்டேன். புதுசாக் கணக்கு திறக்கலாம்னா, இந்த ஜிஎஸ்டி எண்ணில் ஏற்கெனவே கணக்கு உள்ளதுன்னு வருது. எந்தப் பக்கம் போனாலும் அடைப்பு.

இதுக்கு நடுவுல ஆடிட்டர் ஒருத்தரைப் போய்ப் பாத்தோம், நல்ல மனுஷன். ஜிஎஸ்டி பதிவுலயும் அவங்க மெயில், அவங்க நம்பர்தான் இருக்குன்னு அவர்தான் கண்டுபிடிச்சார். ஜிஎஸ்டி ரிட்டர்ன், அதாவது வரிக் கணக்கு, ஒரு மாசம்கூடத் தாக்கல் பண்ணல. விற்பனை இருக்கிற மாசத்துக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லைன்னாலும் 20 ரூபாய்னு தாமதக் கட்டணம் ஓடிட்டே இருக்குமாம். எங்களுக்கு ஓடிட்டிருந்துச்சு. நினைவூட்டல் எல்லாம் அவங்க மெயிலுக்குப் போயிருக்கும், எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆதாரமெல்லாம் எடுத்துட்டுப் போய் அதிகாரியைப் பாத்து, மெயிலையும் நம்பரையும் எங்களுதா மாத்தித் தந்தார். அது ஒண்ணாவது கைக்கு வந்துச்சு.

அவர் இன்னொண்ணும் கேட்டார். "5,400 வரி கட்டினீங்களே, பில் எங்கம்மா?" மெயில்ல வந்ததை எடுத்துக் காட்டினேன். ப்ரோஃபார்மா இன்வாய்ஸ், அதாவது பில்லுக்கு முன்னாடி குடுக்குற உத்தேசச் சீட்டு, நிஜ பில் இல்ல. அதுல அவங்க ஜிஎஸ்டி எண்ணே இல்ல. ஜிஎஸ்டி போர்ட்டல்ல பாத்தா எங்க பேர்ல அப்படி ஒரு பில்லே ஏறல. சரி, 30,000 அவன் கூலின்னே வெச்சுக்கலாம். வரின்னு சொல்லி வாங்கின 5,400 யார் பாக்கெட்டுக்குப் போச்சு? இதைக் கேட்ட அன்னைக்கே என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க.

இன்னும் கேளுங்க. ஜிஎஸ்டி பதிவுக்கு அரசாங்கம் ஒரு பைசா வாங்கறதில்லையாம். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவும் இலவசம். நாம எல்லாரும் வாங்குற பெரிய தளங்கள்லயும் விக்கறவங்களாப் பதிவு பண்ணக் கட்டணம் இல்ல, வித்த பிறகு கமிஷன் புடிப்பாங்க, அவ்வளவுதான். தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் விக்கறதா இருந்தா, வருஷ விற்பனை 40 லட்சத்துக்குள்ள இருக்கிறவங்க ஜிஎஸ்டி பதிவே இல்லாம ஒரு என்ரோல்மென்ட் ஐடி வாங்கிட்டு ஆன்லைன் தளத்துல விக்கலாம்னு 2023 அக்டோபர் 1-ல இருந்து இருக்காம். இதையெல்லாம் அந்தத் தம்பி ஒரு வார்த்தை சொல்லல. பெட்ஷீட் மடிக்க மட்டும் சொல்லிக் குடுத்தான். 35,400 ரூபாய்க்கு மடிக்கக் கத்துக்கிட்டது நானாத்தான் இருப்பேன்.

சைபர் கிரைம் நம்பர் 1930-க்குப் போன் பண்ணிப் புகார் பதிஞ்சாச்சு, எண் வந்திருக்கு. நுகர்வோர் ஆணையத்துக்கும் போறோம். வியாபாரத்துக்காக வாங்கின சேவைக்கு அங்க போக முடியாதுன்னு நாலு பேர் சொன்னாங்க, அவங்க பேச்சைக் கேக்காதீங்க. சொந்த உழைப்புல பிழைப்புக்காகத் தொழில் பண்றவங்களும் நுகர்வோர்தான்னு 2019 சட்டத்துலயே இருக்காம், வக்கீல் காட்டினார். கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. போறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்னாலும் நுகர்வோர் உதவி எண் 1915-ல கேக்கலாம்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், தறிக்காரங்க கூலிக்கு வந்து நிக்கிறாங்க, சுருக்கமாச் சொல்லிடறேன். லாகின் மெயிலும் நம்பரும் உங்களுதா இருக்கணும், ஜிஎஸ்டியிலயும் அப்படித்தான், யார் என்ன சொன்னாலும் விடாதீங்க. ஓடிபி சொல்லாதீங்க, பக்கத்துல உக்கார வெச்சு நீங்களே போடுங்க. ஆர்டர் கேரண்டின்னு எவன் சொன்னாலும் எந்த விலைக்குன்னு கேளுங்க. வரி வாங்கினா ஜிஎஸ்டி எண்ணோட பில் வாங்குங்க, அந்த எண் உண்மையான்னு போர்ட்டல்ல போட்டுப் பாருங்க. படத்தை நீங்களே எடுங்க, வாசல் வெளிச்சமே போதும்.

ஈரோடு, பெருந்துறை, காங்கேயம் பக்கம் இதே மாதிரி டேப்போட ஒருத்தன் வந்து பெட்ஷீட்டோ துண்டோ அளந்துட்டுப் போயிருந்தா எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க. சேர்ந்து புகார் குடுக்கலாம். ஒப்பந்தம், பணம் அனுப்பின ரசீது, அவங்க பேசின மெசேஜ் எல்லாம் அழிக்காம வெச்சிருங்க, நானும் வெச்சிருக்கேன்.